விசிலுக்கு வந்த வேலை

எங்கள் சேரங்கோடு வாலிபால் கிளப்பின் மொத்தச் சொத்து: ஒரு வலை, ஒன்றரைப் பந்து, ஒரு விசில். (அரைப் பந்தில் காற்று நிற்காது!) இந்த லட்சணத்தில் நிலச்சரிவுக்குத் திட்டம் போடக் கூட்டமாம்.

யாரும் சிரிக்கவில்லை. 2024 ஜூலை 30-ல் பக்கத்து வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் தூக்கத்திலேயே மண்ணுக்குள் போயின. அங்கேயும் தேயிலை, லயம், பந்தடிக்கிற பையன்கள்.

மைதானத்தில் கூடலாம் என்றேன். "அதுவே மலைய வெட்டினதுதானே சார்?" என்றான் ஒரு பொடியன். ஸ்கூல் என்று முடிவாயிற்று. ஓடை கலங்கினாலோ தரை வெடித்தாலோ மூன்று நீள விசில்; 1077-க்கு நான் போன் போடணும். மேல் லயத்துப் பாட்டியைத் தூக்கி வர, சர்வீஸைக்கூட வலை தாண்டிப் போடத் தெரியாதவன் கை தூக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. எல்லாரும் வந்தார்கள், பாட்டியைத் தவிர.

"சிலோன்ல ஒருக்கா மூட்டை கட்டுனது போதும். போங்கடா!"

வரும் ஞாயிறு மறுபடி ஊதுகிறோம். அதற்குள் அவன் தினமும் பாட்டிக்கு விறகு பொறுக்கிக் கொடுக்கிறான்.