கடல்மேல் போட்ட பழி

நிக்கோபாரின் கட்சால் தீவில் 2004-க்குப் பிறகு யார் மனசு உடைந்தாலும் பழி கடல்மேல்தான். தூக்கம் வராதவனுக்கும் சுனாமி, குடித்துவிட்டுக் கிடப்பவனுக்கும் சுனாமி. பிள்ளை பெற்ற பிறகு என் அக்கா பேச்சை நிறுத்தியதற்கும் அதையே சொன்னார்கள். கூடவே இருந்து பார்த்தவள் நான். கடலுக்கு அதில் பாதிப் பங்குதான். மீதி பிரசவத்தில் நடந்தது. அதை யாரும் விசாரிக்கவில்லை.

நாங்கள் சிலோன்காரர்கள். 1964-இல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்த குடும்பம். அப்பா இரத்தினபுரிப் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர், கட்சாலுக்கு வந்தும் அதே கத்தி, அதே சிரட்டை. எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, மேட்டில் இருந்ததால் பிழைத்தோம். டிசம்பர் 26, ஞாயிறு, காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியபோது மரத்தைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கரையோரத்து நிக்கோபாரி வீடுகளில் தோரணம்கூட அவிழ்த்திருக்க மாட்டார்கள். நிலமே அமிழ்ந்துபோனதால் பல இடங்களில் ஏறின தண்ணீர் இறங்கவும் இல்லை. 2001 கணக்கெடுப்பில் தீவில் 5,312 பேர், 2011-இல் 2,685.

அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். அன்று ராத்திரியே பனிக்குடம் உடைந்துவிட்டது. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். தோட்டத்தில் பிள்ளை பார்த்த பழக்கமுள்ள ஒரு கிழவியைத் தவிர வேறு ஆள் இல்லை. விடிந்து, பொழுது சாய்ந்து, மறுபடி இருட்டிய பிறகுதான் பிள்ளை வந்தது. பெண். நஞ்சுக்கொடி வரவில்லை. கிழவி ஒரு கையால் வயிற்றைப் பிசைந்துகொண்டே இன்னொரு கையை உள்ளே விட்டாள். அக்கா கத்தின கத்தலைவிட, பிறகு கத்தாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரத்தம் இரண்டு சாக்கையும் நனைத்துத் தரைக்கு வந்துவிட்டது. நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் காயாத ரப்பர் ஷீட் நிறத்துக்கு வெளுத்திருந்தது.

ஹெலிகாப்டர் எங்களை ஏற்றிக்கொள்ளச் சில நாள் ஆயிற்று. போர்ட் பிளேர் வான்வழியிலேயே 400 கிலோமீட்டர். எடை குறைந்த பிள்ளையென்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள்; தாய்க்கு அங்கே படுக்க இடமில்லை, முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை கைக்கு வந்தபோது அக்கா அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. "நீயே வச்சுக்கடி. எங்கிட்ட இருந்தா செத்துரும்" என்றாள்.

முகாமில் ஒரு மத்தியானம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளை வீறிட்டு அழுகிறது. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கை நனைந்து பால் மடியில் சொட்டுகிறது, அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் அதைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டினேன்.

அவள் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சொன்னதுதான் அவளை இன்னும் கீழே தள்ளியது: "ஊரே பிள்ளைகளக் கடலுக்குக் குடுத்துட்டு நிக்குது. உனக்குக் கையில இருக்கு. அழலாமா?" அதோடு அழுகையும் நின்றது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அலை எவ்வளவு உயரம், யாரை இழந்தாய், கனவில் கடல் வருகிறதா என்று கேட்டார்கள். அக்கா அலையைப் பார்க்கவே இல்லை. லயத்துத் திண்ணையில்தான் இருந்தாள். "இல்ல" என்று தலையாட்டினாள். யாரையும் இழக்காதவள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

பிறகு நான் செவிலியர் வேலைக்கு ஏ.என்.எம். படித்தேன். அப்போதுதான் தெரிந்தது: சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்பே, 2002-இல், வேலூருக்குப் பக்கத்துக் கணியம்பாடி வட்டாரத்துத் தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்திருந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். ஏழ்மை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண், மாமியாரோடு பிணக்கு, கர்ப்ப காலத்தில் வந்த பெருந்துயரம், கைக்கு உதவியில்லாமை என்று காரணங்களைச் சொல்லியிருந்தார்கள். பிரசவம் தன் பங்குக்குச் சேர்ப்பவை தனி: குறைமாதம், அதிக ரத்தப்போக்கு, அதன் பின்னான ரத்தசோகை, திடீரென்று செய்யும் சிசேரியன், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது, செத்துவிடுவோம் என்று வலியில் வரும் பயம். முன்பே திட்டமிட்ட சிசேரியனை அவசர சிசேரியனோடு ஒன்றாகப் பேச முடியாது. வெட்டைவிட, தன் உடம்பு தன் கையில் இல்லை என்ற திகில்தான் பல பெண்களுக்குத் தங்கிவிடுகிறது.

இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க, 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பத்துக் கேள்வி. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தாயா, கடைசியில், உன்னையே காயப்படுத்திக்கொள்ள நினைத்தாயா. நல்ல கருவிதான். ஆனால் பிரசவம் எப்படி இருந்தது என்று அதில் ஒரு கேள்வியும் கிடையாது. அது யார் யாருக்கு நோய் இருக்கும் என்று சலித்தெடுக்க வந்தது. காரணம் கேட்பது நம் வேலை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு நான் போனால் அதைத்தான் முதலில் கேட்கிறேன். தொப்புள் காயம், தடுப்பூசி எல்லாம் அதற்கு அப்புறம். கேட்டுவிட்டால் பெண்கள் நிறுத்த மாட்டார்கள், சோறு அடிப்பிடிக்கும் வரை பேசுவார்கள்.

அக்கா தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மாத்திரை, தூக்கம், இரும்புச்சத்து, ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட அவள் புருஷன், எல்லாம் சேர்ந்துதான். ரெண்டாவது பிள்ளைக்கு ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை வந்தது மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்று நானும் மறைக்கவில்லை. கடைசியில் உண்டானபோது நாள் நெருங்குமுன்பே கப்பலேறிப் போர்ட் பிளேர் போய்த் தங்கினோம்; ரத்தம் கொடுக்க ஆள் பார்த்து வைத்தோம். டாக்டர் முந்தைய பிரசவம் பற்றிக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "நீ இருடி, நானே சொல்றேன்" என்று அக்கா புகைக்கூடத்திலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் அட்டையில் ரத்தப்போக்கு என்று எழுதினார். மனச்சோர்வுக்கு அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.