தகரமும் தார்ப்பாயும்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் சேரப்பணஞ்சேரித் தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். ஒரு பூசணிக்காயை ஒருவர் ஏலத்தில் எடுப்பார், எடுத்த கையோடு சபைக்கே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். படப்பைச் சந்தையில் முப்பது ரூபாய் போகாத காய் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அந்தப் பணமும், பெண்கள் உலை வைக்கும்போது தனியே எடுத்து வைக்கிற பிடி அரிசியும் மிஷனரிப் பணிக்கு. சபையில் பாதிப் பேர் ஒரகடம் கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்தவர்கள். 1903ல் அசரியாவும் கூட்டாளிகளும் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நம் காசில் நம் ஆள் என்று தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்கு அனுப்பினார்களே, அந்த ஊர்ப் பழக்கம் மூட்டை முடிச்சோடு கூட வந்துவிட்டது.

2015 ஏப்ரல் 25 பூகம்பம் வரைக்கும் எங்களுக்கு நேபாளம் ஜெபக் குறிப்பில் வரும் ஒரு பெயர், அவ்வளவுதான். படப்பையில் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வாணலி பிடிக்கிற நேபாளத் தம்பி ஒருவன் ஆராதனைக்கு வருவான். அவன் ஊர் சிந்துபால்சோக் மாவட்டம். பூகம்பத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பாட்டு நடக்கும்போதே வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை அழுத்திக்கொண்டே இருந்தான். லைன் கிடைக்கவில்லை. புதன்கிழமைதான் தகவல் வந்தது.

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. அதனால் சபைகளில் ஆராதனையும் அன்றைக்குத்தான். நிலம் அதிர்ந்தது சனிக்கிழமை 11.56 மணிக்கு, பல இடங்களில் ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரம். அவன் அத்தை கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சபைக்குள்ளேயே போய்விட்டார். அக்கா பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் தரைமட்டம், ஆனால் அன்றைக்குப் பள்ளி இல்லை.

அங்கே உதவிக்குப் போகலாம் என்று பேச்செடுத்ததும், கமிட்டியில் எப்போதும் வரும் கேள்வி அன்றும் வந்தது. டாடா ஏஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர் எழுந்து, "ஏன் பாஸ்டர், உள்ளூர்ல ஏழை இல்லையா?" என்றார். நியாயமான கேள்வி, பாஸ்டரும் மழுப்பவில்லை. "இருக்கான். அவனுக்கும் செய்வோம். இந்தப் பையன் நம்ம சபைதானே?" என்றார். பணத்தை அங்கே அனுப்புவது லேசான காரியமும் இல்லை. அறக்கட்டளைப் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால் வரி விலக்கில் சிக்கல் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். ஆகவே போகிறவர்கள் அவரவர் சொந்தப் பணத்தைக் கொண்டுபோவது என்று முடிவானது. ஐந்நூறு, ஆயிரம் நோட்டை அங்கே வாங்க மாட்டார்கள் என்று தம்பி சொன்னதால் எல்லாவற்றையும் நூறு ரூபாய்க் கட்டுகளாக மாற்றிக்கொண்டோம்.

பாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சுவிசேஷக் கைப்பிரதி ஒன்றுகூடப் பையில் இருக்கக் கூடாது. சிலருக்கு வருத்தம். சபையிலிருந்து போய்விட்டுச் சுவிசேஷம் சொல்லாமல் வருவதா? ஆனால் அந்த நாட்டில் மதம் மாற்றுவது சட்டப்படி குற்றம். நாம் ரயிலேறி வந்துவிடுவோம், அடி விழுவது அங்கே இருக்கிற சபைக்கு. இன்னொன்றையும் என் கணக்கில் சொல்லிவிடுகிறேன். கூரை இல்லாதவன் கையில் தகரத்தோடு சேர்த்துப் பிரதியையும் கொடுத்தால் அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ராப்திசாகர் எக்ஸ்பிரஸ், கோரக்பூர், சோனௌலி எல்லை, காத்மாண்டு. வழிக் கதை வேண்டாம். மலைச் சாலையோரத்தில் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். யார் யாரோ அனுப்பிய பழைய துணி மூட்டைகள் பிரிக்காமலே மழையில் ஊறிக் கிடந்தன. ஒரு மூட்டையின் வாயிலிருந்து ஜரிகைப் புடவை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டுக்குக் கீழே விரிக்கக்கூட யாரும் எடுக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது தம்பியின் மாவட்டத்தில், சௌதாராவுக்குக் கீழே தமாங் மக்கள் வாழும் ஒரு கிராமம். பெரும்பாலும் புத்த மதத்தினர். யாருக்கு எத்தனை தகரம் என்ற பட்டியலை நாங்கள் போடவில்லை. பள்ளி ஆசிரியரும், 'ஆமா சமூஹ' என்கிற தாய்மார் குழுவும் போட்டார்கள். முதலில் கைக்குழந்தை உள்ள வீடு, அடுத்தது தனியாக இருக்கும் கிழவிகள். ஜூன் நடுவில் பருவமழை பிடித்துவிடும், அதற்குள் கூரை நிற்க வேண்டும். மூங்கிலை நட்டு, தகரத்தில் துளை போட்டு, ஜே போல்ட் மாட்டி முடுக்குவதுதான் வேலை. ஒரகடத்தில் மெயின்டனன்ஸில் இருக்கிற எங்களுக்கு அது கைவந்த வேலை. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு சகோதரரும் கூட வந்திருந்தார். மொழி தெரியாத இடத்தில் அவர் என்ன செய்வார் பாவம், தண்ணீர் சுமந்தார்.

மே 12, பகல் 12.50. நான் மூங்கில் சட்டத்தின் மேல் இருந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. அடுக்கி வைத்திருந்த தகரங்கள் தாமாகவே கடகடவென்று அடித்துக்கொண்டன. யாரோ தட்டுகிறார்கள் என்று குனிந்தால் கீழே இருந்தவன் தரையில் விழுந்து கிடக்கிறான். சட்டம் இடமும் வலமுமாக ஆடியது, ஒடியவில்லை. எதிர்மலை முழுக்கப் புழுதி எழும்பி அடுத்த சரிவே தெரியவில்லை. மக்காச்சோளக் கொல்லையில் ஒரு பாட்டி இரண்டு கையாலும் பயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதல் அதிர்ச்சியில் தப்பி நின்ற இரண்டு கல்வீடுகள் என் கண்ணெதிரே மடிந்தன. உள்ளே ஆள் இல்லை, ஏப்ரலுக்குப் பிறகு ஒருவரும் கூரைக்கடியில் படுப்பதில்லை. அது 7.3 அளவு, இரண்டாவது பெரிய பூகம்பம் என்று பிறகு தெரிந்தது. அன்று இரவு கொல்லையில் பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே ஊரோடு ஊராகப் படுத்தோம். தரை நடுங்கும்போதெல்லாம் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தன. மறுநாள் காலையில் தாய்மார் குழு பட்டியலைத் திருத்திக்கொண்டு வந்தார்கள். மிச்சத் தகரத்தையும் மாட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

உள்ளூர் ஏழையைப் பற்றிய கேள்வி அதே வருடம் டிசம்பரில் வாசலுக்கே வந்தது. 1ஆம் தேதி பெய்த பேய்மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் மாடிப்படி வரை தண்ணீர். எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திட்டினார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலைக்குப் பக்கத்தில்தான் அடையாற்றில் சேர்கிறது, முடிச்சூரைத் தாண்டி. முடிச்சூரை முக்கியது எங்கள் பக்கத்து ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் தண்ணீர். வாய்க்காலும் வெள்ளவடிகாலும் மனைப்பிரிவாகிப் போன ஊரில் அது வேறு எங்கே போகும்?

மே மாதம் நேபாளம் போன ஆட்களே இங்கும் இறங்கினார்கள். இங்கும் தெருப் பெண்கள்தான் பட்டியல் போட்டார்கள்: பால்பவுடர், போர்வை, மெழுகுவர்த்தி, நாப்கின். மொட்டை மாடிகளில் தார்ப்பாய் கட்டியது பெரும்பாலும் நேபாளத் தம்பி. அவன் போடும் முடிச்சு எங்களுக்கு வரவில்லை. கமிட்டியில் கேள்வி கேட்ட அண்ணன் டாடா ஏஸில் முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க ஓட்டினார். டீசலுக்குக் காசு வாங்கவில்லை.

உங்கள் சபையிலும் வெளிநாட்டுப் பணிக்கென்று ஓர் உண்டியல் இருக்கும். அதைத் திறக்கும் முன் அந்த நாட்டுக்காரர் யாராவது உங்கள் தெருவில் சமைத்துக்கொண்டோ காவல் காத்துக்கொண்டோ இருக்கிறாரா என்று பாருங்கள். என்ன வேண்டும் என்று அவர் ஊர்ப் பெண்களைக் கேட்கச் சொல்லுங்கள். ஆள் அனுப்புவதானால் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவரை அனுப்புங்கள். பழைய துணி மட்டும் தயவுசெய்து வேண்டாம்.