ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு எண்ணிக்கைகள்

புனேயில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் தமிழ் மாணவி ஒருவர் பழைய உரைநடை நூல்களைக் கொண்டு ஒரு தரவகம் தொகுத்திருந்தார். ஒரு குறிப்பிட்ட பின்னொட்டு எத்தனை முறை வருகிறது என்ற கணக்கின் மேல்தான் அவரது ஆய்வேட்டின் ஓர் இயல் முழுவதும் நின்றது. கணக்கெடுக்கும் ஷெல் ஸ்கிரிப்டை விடுதி அறையில், மேக் மடிக்கணினியில் எழுதினார். அதே ஸ்கிரிப்ட் துறையின் லினக்ஸ் சர்வரில் வேறோர் எண்ணைத் தந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

காரணம் ஒற்றை எழுத்து. பக்க எண் தாங்கிய தலைப்பு வரிகளை நீக்குவதற்காக, கிரெப் கட்டளையின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இலக்கத்தைக் குறிக்கப் பின்சாய்கோட்டை அடுத்து 'டி' என்னும் ஆங்கில எழுத்தை இட்டிருந்தார். பெர்ல் மொழி பரப்பிய சுருக்கம் அது. மேக்கின் கிரெப் அதை இலக்கம் என்றே கொள்கிறது. லினக்ஸின் குனு கிரெப்போ வழக்கமான முறையில் வெறும் 'டி' எழுத்தைத் தேடுகிறது. தமிழ் உரைநடையில் ஆங்கில 'டி' ஏது? ஒரு தலைப்பு வரியும் நீங்கவில்லை; பக்கந்தோறும் திரும்ப வந்த நூற்பெயர் கணக்கை ஊதிப் பெருக்கியது. 2022இல் வெளியான 3.8 பதிப்பு முதல் குனு கிரெப் இதற்கு எச்சரிக்கை தருகிறது. சர்வரில் இருந்தது அதற்கு முந்தையது.

கோப்பை அதே இடத்தில் திருத்தும் செட் கட்டளையும் இரு கணினிகளிலும் வேறுபடும். ஆனால் அது பெரும்பாலும் உடனே கூச்சலிட்டு நின்றுவிடும். கூச்சலிடும் பிழை நல்ல பிழை.

போசிக்ஸ் தரத்தில் உள்ள இலக்க வகுப்பை இட்டதும் இரு எண்களும் ஒன்றாயின, ஆயினும் சரியாகவில்லை. சில நூல்களின் பக்க எண்கள் ௧, ௨, ௩ எனத் தமிழில் இருந்தன. அந்த வகுப்பு 0 முதல் 9 வரை மட்டுமே அறியும். ஆகவே பத்துத் தமிழ் இலக்கங்களையும் சதுர அடைப்புக்குள் சேர்த்தார். முனையத்தில் சரியாக ஓடியது. இரவில் கிரான் வழியே தானாக ஓடியபோது தமிழ் வரிகள் அனைத்தும் மறைந்தன.

இதுதான் தமிழில் வேலை செய்வோருக்கே உரிய பொறி. கிரான் ஓடியது சி லோகேலில். அங்கே ஒரு பைட்டே ஓர் எழுத்து. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. சதுர அடைப்பு அந்தப் பொதுப் பைட்டையும் தனி எழுத்தாக எண்ணியதால் தமிழ் வரி ஒவ்வொன்றும் 'இலக்கம் உடையது' ஆகிவிட்டது. சதுர அடைப்பை விடுத்து (௦|௧|௨|௩) என்று நெடுகப் பத்தையும் செங்குத்துக் கோட்டால் பிரித்து எழுதினால், விரிநிலை ரெகுலர் எக்ஸ்பிரஷனில் மூன்று பைட்டும் சேர்ந்தே பொருந்தும். எந்த லோகேலிலும் பிசகாது. அழகில்லாத வரிதான்.

அதே நகரின் டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கிய சமஸ்கிருதப் பேரகராதிக்கு ஏறத்தாழ 1 கோடிச் சீட்டுகள் உள்ளன. ஐயம் எழுந்தால் சீட்டை எடுத்துப் பார்க்கலாம். ஸ்கிரிப்ட் தந்த எண்ணுக்குச் சீட்டு இல்லை. அதனால் அவர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இயங்குதளம், கிரெப் பதிப்பு, லோகேல் மூன்றையும் குறித்திருக்கிறார். இரு கணினிகளும் இப்போது ஒரே எண்ணைத் தருகின்றன. அது இயலில் முன்பு எழுதியிருந்ததைவிடக் குறைவு. மூன்றாம் அட்டவணையை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்.