அது அபராதம் இல்லீங்க

இங்கிலாந்துல வேலை பாக்குற என் பேட்ச்மேட் பதறிப்போய் போன் பண்ணான். தனியார் பார்க்கிங்ல பணம் கட்டியும் 100 பவுண்டு கேட்டு லெட்டர் வந்திருக்கு. மெஷின்ல கார் நம்பர் அடிக்கும்போது 'ஓ' எழுத்துக்குப் பதிலா பூஜ்யம் அடிச்சிருக்கான்.

"14 நாளுக்குள்ள கட்டுனா 60தான். கட்டித் தொலைச்சிடவா மச்சி?"

நீங்களும் அதைத்தான் யோசிப்பீங்க. ஆனா கவுன்சில் போடுறதுதான் அபராதம். தனியார் அனுப்புறது ஒப்பந்தத்தை மீறினதா சொல்லிக் கேக்குற பணம். அதுக்காகக் கிழிச்சும் போடாதீங்க, கோர்ட்டுக்குப் போவாங்க.

28 நாளுக்குள்ள ரசீதோட அந்த நிறுவனத்துக்கே எழுதணும். எழுதினான். மறுத்துட்டாங்க.

பலர் இங்கதான் விட்டுடுறாங்க. மறுப்பு லெட்டர்லயே ஒரு கோட் நம்பர் இருந்துச்சு. அதை வெச்சு 'பாப்லா'ங்கிற தனி அமைப்புக்கு இலவசமா மேல்முறையீடு பண்ணலாம். அதுக்கும் 28 நாள். அவங்க முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களை இல்ல. (சில நிறுவனங்களுக்கு 'ஐஏஎஸ்'னு வேற அமைப்பு. நம்ம ஊர் கலெக்டர் இல்லீங்க!)

ரிஸ்க்கும் உண்டு. தோத்தா 60 சலுகை போயிடும், முழு 100 கேப்பாங்க. அவன் துணிஞ்சு ரசீதை அனுப்பினான், ஜெயிச்சான்.

பேஷண்ட்டுக்கு 'செகண்ட் ஒப்பீனியன் கேளுங்க'ன்னு சொல்ற நாங்களே, எங்களுக்கு ஒரு 'முடியாது' வந்தா அதோட நின்னுடுறோம். உங்க பிள்ளைங்க அங்க இருந்தா இதை அனுப்பி வைங்க.