பால் பண்ணை இருந்த அடிவாரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு அடிவாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கீழே கரும்புத் தோட்டங்களும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும். மேலே கல்வராயன் மலை. நடுவில் கோமுகி அணை. மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் ஓடைகளில் இறங்கி அணைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறது. மலையைப் பற்றிப் பேச வனத்துறை இருக்கிறது, வயலைப் பற்றிப் பேச விவசாயி இருக்கிறார். இரண்டுக்கும் இடையில் கிடக்கும் நிலத்துக்காகப் பேச ஆள் குறைவு. அப்படிப்பட்ட ஓர் அடிவார நிலத்தை விட்டுவிடாமல் காப்பாற்றிக்கொண்ட ஊர் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. அதன் பெயரே டெய்ரி ஃபார்ம். இன்று அங்கே ஒரு மாடுகூட இல்லை.

சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர்தான். கல்வராயனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சின்னக் குன்று. ஆனால் அந்தத் தீவில் மிச்சமிருக்கும் பழங்காட்டில் முக்கியமான துண்டு அதன் மேல்தான் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மிளகுக்கும் கம்பீர் என்ற சாயக்கொடிக்குமாகத் தீவின் காடுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டன. 1854இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இங்கே வந்து தங்கி வண்டு சேகரித்தார். இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள் கிடைத்தன. அவ்வளவு கிடைத்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சீன மரவெட்டிகள் புதிதாக வெட்டிப் போட்ட மரங்களும் உதிர்ந்து கிடந்த பட்டையும் மரத்தூளும். காடு அழிந்துகொண்டிருந்த இடத்திலேயே அதன் செல்வத்தை அவர் எண்ணினார் என்பது படிக்கும்போதெல்லாம் மனதை அறுக்கிறது. காட்டுப் பாதைகளில் புலி பிடிக்கக் குழி தோண்டி, மேலே குச்சியும் இலையும் பரப்பி வைத்திருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். 1883இல் அந்தக் குன்று காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆகவே காடு தப்பியது. அடிவாரம் காப்புக்கு வெளியே நின்றது.

அந்த அடிவாரத்துக்குத்தான் மாடுகள் வந்தன. அதற்கு முன்பு வரை சிங்கப்பூரில் பாலும் மாடும் பெரும்பாலும் நம் ஆட்கள் கையில். சிராங்கூன் சாலைப் பக்கம் தமிழர்களும் வட இந்தியர்களும் மாட்டுக்கொட்டகை வைத்து, கறந்த பாலை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். அதே பக்கத்துத் தேக்காவில் பஃபலோ ரோடு என்ற தெருப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. நகரம் பெருக, சுகாதாரக் கெடுபிடி வந்து, 1930களில் நகருக்குள் மாடு வளர்ப்பது முடிவுக்கு வந்தது.

கோல்ட் ஸ்டோரேஜ் என்ற நிறுவனம் 1903இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து குளிரூட்டிய கப்பலில் வந்த இறைச்சியும் வெண்ணெயும் விற்றவர்கள். அதன் நிர்வாகி ஃபிரெட் ஹெரான் 1929இல் புக்கிட் தீமா சரிவில் பால் பண்ணையை ஏற்படுத்தினார். ஃபிரீசியன் மாடுகள், ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய கறுப்பு வெள்ளை இனம், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கொட்டகையில் கட்டப்பட்டன. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கி விற்றார்கள். டப்பாப் பாலை நம்பியிருந்த ஊரில் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தகுந்த புதுப்பால் கிடைத்தது பெரிய காரியம். சிராங்கூன் பால்காரர்களின் உழைப்புக்குப் பெயர்ப்பலகை இல்லை, இந்தப் பண்ணைக்கு மட்டும் இருக்கிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. இருந்தாலும் ஹெரான் செய்தது நல்ல வேலை.

பண்ணை மூடிய பிறகு அந்த நிலம் எந்த வழியிலும் போயிருக்கலாம். கிரானைட் கல்லுக்காகக் குன்றைப் பல பக்கங்களிலும் குடைந்திருந்தார்கள். 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை, குன்றின் காட்டையும் பக்கத்து நீர்ப்பிடிப்புக் காட்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு போனது. மறு வருடமே, குன்றின் காட்டில் மிஞ்சியிருந்த கடைசி இலைக்குரங்கு நாய்கள் கடித்துச் செத்தது. காடு சட்டப்படி பத்திரமாக இருக்கும்போதே அதற்குள் இருந்த ஓர் இனம் முடிந்துபோனது. தீவாகிவிட்ட காடு உள்ளிருந்தே தேயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2009இல் அந்தப் பண்ணை நிலம் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இங்கே ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். மாட்டுக்கொட்டகையை இடிக்கவில்லை. மாடு நின்ற இடத்தையே செப்பனிட்டு வாலஸ் பெயரில் கல்வி மையமாக்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கிருந்துதான் காட்டுப்பாதைக்குள் நுழைகிறார்கள். பழைய குடியிருப்புக்காரர்கள் நட்ட ரம்புத்தான், டுரியான் மரங்கள் காட்டு மரங்களோடு கலந்து நிற்கின்றன, அவற்றையும் களையவில்லை. தண்ணீர் தேங்கிய ஒரு கல்குவாரி ஈரநிலமானது. இன்னொரு குவாரியின் பாறைச் சுவரில் இளைஞர்கள் கயிறு கட்டி ஏறுகிறார்கள்.

பூங்காவின் உண்மையான வேலை வேறு. நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வருகிற கூட்டம் முழுவதும் குன்றின் மேல் ஏறினால் 163 ஹெக்டேர் காடு தாங்காது. அந்தக் கூட்டத்தைக் கீழேயே வாங்கிக்கொள்கிறது இந்த நிலம். அடுத்த கட்டமாக 2013இல் விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில், மண் கொட்டி மரம் நட்ட பாலம் ஒன்று கட்டினார்கள். மனிதர்களுக்கு அனுமதி இல்லை. அழுங்கும் புனுகுப்பூனையும் கடந்து போகின்றன. சுற்றிலும் அடுக்குமாடிகள், பக்கத்தில் ரயில் நிலையம். அங்கே குடியிருப்பவர்களுக்கு மாலை நடைக்கான இடமும் இதுதான்.

கச்சிராயபாளையத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். விடுமுறை நாட்களில் பெரியார் நீர்வீழ்ச்சிக்கும் மேகம் நீர்வீழ்ச்சிக்கும் போகிற கூட்டம் இந்த ஊரைத் தாண்டித்தான் மலை ஏறுகிறது. பிளாஸ்டிக்கும் பாட்டிலும் அவர்களோடு ஏறுகின்றன. மழை வந்தால் அவை ஓடையில் இறங்கி அணைக்கே வந்து சேர வேண்டும். 46 அடி கோமுகி அணைக்குக் கீழே பூங்கா இருக்கிறது. ஊஞ்சலும் புல்தரையும் மட்டும் அங்கே போதாது. மலையில் விளைகிற கடுக்காய், நெல்லி, புளி மரங்கள் பெயர்ப்பலகையோடு அங்கே நிற்கலாம். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பயிரிடும் சாமையும் தினையும் ஒரு பாத்தியில் விளையலாம். அதைப் பற்றிச் சொல்ல அந்த மக்களையே சம்பளத்துக்கு அமர்த்தலாம். 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலையின் வரலாற்றையும் அவர்கள் வாயால் கேட்கலாம். மலைக்குப் போகிற வண்டிகளைப் பிளாஸ்டிக் இல்லாமல் அனுப்ப ஒரு சோதனை மேசையும் வேண்டும். இதற்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. நீர்வளத்துறையும் வனத்துறையும் வடக்கனந்தல் பேரூராட்சியும் கூடிப் பேசினால் அடுத்த பருவமழைக்கு முன்பே நாற்று நட்டுவிடலாம்.