பழைய றேசிங் சைக்கிளும் ஒரு முடிவும்

கடந்த கார்த்திகை மாதத்து மழைநாளொன்றில் எனது துவிச்சக்கரவண்டி நிற்க மறுத்தது. வீட்டுக்கு அருகிலுள்ள சந்தியில், பாடசாலை விட்டு வந்த சிறுமி ஒருத்தி குடையைச் சாய்த்துப் பிடித்தபடி வீதியைக் கடந்தாள். இரண்டு பிறேக்குகளையும் இறுக்கிப் பிடித்தேன். வண்டி வழுக்கிச் சென்று, அவளது குடையின் விளிம்பை உரசிய பின்னரே நின்றது. "பரவாயில்லை, அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். எனக்குத்தான் கால்கள் நடுங்கின.

இந்த வண்டியைத் திருத்துவதா, அப்படியே விடுவதா என்று அதற்கு முன்னரும் பலமுறை யோசித்ததுண்டு. ஒவ்வொரு முறையும் நினைவுகள் குறுக்கே வந்து நிற்கும்.

அது இங்கிலாந்தில் தயாரான உருக்குச் சட்டகம் கொண்ட வண்டி. நாங்கள் 'றேசிங் சைக்கிள்' என்று அழைத்த வகை. ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹாண்டில், 27 அங்குலச் சக்கரங்கள், முன்னால் இரண்டும் பின்னால் ஆறுமாகப் பற்சக்கரங்கள். 1988இல் மாமா கொழும்பில் பழையதாக வாங்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைத்தார். பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த எனக்கு அது பெரும் பகட்டு.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் பகட்டுக்கு இடமில்லாமற் போயிற்று. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடின. மற்ற அனைவருக்கும் சைக்கிளே கதி. எனது வண்டிக்கும் கரியர் வேண்டியிருந்தது. அதன் சட்டகத்தில் கரியர் பூட்ட வசதியில்லை. ஒட்டு வேலை தெரிந்த ஒருவர் இரண்டு இரும்புக் காதுகளை ஒட்டி, கனத்த கரியர் ஒன்றைப் பொருத்தித் தந்தார். பின்னர் டைனமோவும் பூட்டினேன். மின்சாரமற்ற இரவுகளில் வண்டியைக் கவிழ்த்து வைத்துத் தங்கை பெடலைச் சுற்றுவாள். அந்த மின்சாரத்தில் வானொலி பேசும். நான் செய்திக் குறிப்பு எடுப்பேன். அவள் கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் தேய்ந்துவிடும். பத்திரிகைத் தொழிலில் எனது முதல் பயிற்சி அதுதான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நடக்க இயலாத அம்மாவை அந்தக் கரியரில் இருத்தி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிவரை உருட்டிச் சென்றேன். சன நெரிசலில் ஓடுவதற்கு வழியேது? ஓர் அடி வைப்பதும் நிற்பதுமாக அந்த இரவு முழுவதும் சக்கரங்கள் உருண்டன. அம்மா இன்றில்லை. கரியர் இருக்கிறது.

சமாதான காலத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. வண்டி பின்விறாந்தையில் ஒதுங்கிற்று. 2022 ஜூன் 27 நள்ளிரவு தொடக்கம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தபோதுதான் மீண்டும் தூசு தட்டினேன். பின்னர் எரிபொருள் கிடைத்தது. ஆயினும் காலை ஓட்டத்தை நான் விடவில்லை.

சந்தியில் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். "உங்கட நினைவுகளுக்காக ஊரார் பிள்ளை விழ ஏலாது" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மறுநாளே சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி விடயம் அறிந்தவர். குறை பிறேக்கில் அன்று, றிம்மில் என்றார். உருக்கில் குரோம் பூசிய றிம் நனைந்தால் பிறேக் கட்டைக்குப் பிடி கிடைக்காது. அலுமினிய றிம் மழையிலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். அத்துடன் 27 அங்குல ரயர் கிடைப்பது அருமை. இன்று பரவலாக உள்ளது 700சீ என்ற அளவு. ரயர் அமரும் விட்டம் பழையதில் 630 மில்லிமீற்றர், புதியதில் 622. ஆகவே பிறேக் கட்டைகளை 4 மில்லிமீற்றர் கீழே இறக்க வேண்டும். எனது பிறேக்கின் துவாரத்தில் அதற்கு இடமிருந்தது.

"ஐயா, செய்யிறதெண்டால் முழுசாச் செய்வம். கரியரை வெட்டி எடுத்துப் பெயின்ற் அடிச்சால் வண்டி நல்ல வடிவாயிருக்கும்" என்றார் அவர். பின் கவையின் அகலம் 126 மில்லிமீற்றர். உருக்கென்பதால் அதை 130ஆக விரிக்கலாம். புதிய குடம் போடலாம். ஆனால் புதிய குடத்துக்குப் புதிய பற்சக்கரத் தொகுதி வேண்டும், அதற்கேற்ற செயின், கியர் மாற்றி, பிறேக்கும் கியரும் இணைந்த கைப்பிடி என்று ஒன்று மற்றொன்றைக் கேட்டுக்கொண்டே போகும். கணக்குப் பார்த்தால் புதிய வண்டியொன்றின் விலைக்கு அருகில் வந்து நிற்கும்.

அந்தச் செலவு எனக்குத் தேவைதானா? யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. சோழகக் காற்றுத்தான் எங்கள் மலை. பண்ணைத் தாம்போதியில் காற்றை எதிர்த்து வேலணைப் பக்கம் போகும்போது என் முழங்கால் முறையிடுகிறது. முன்னால் 42 பல், பின்னால் 24 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றப் பின்சக்கரம் ஒன்றேமுக்கால் சுற்று ஓடும். பின்னால் 28 பல் போட்டால் ஒன்றரைச் சுற்று. முழங்காலுக்கு அது போதும். பழைய கியர் மாற்றியும் அதைத் தாங்கும்.

எனவே முடிவு இப்படியாயிற்று. பழைய குடங்களை வைத்துக்கொண்டு 36 துவாரமுள்ள அலுமினிய றிம்களும் புதிய கம்பிகளும் கோத்தல், புதிய ரயர், பிறேக் கட்டை, பிறேக் கம்பி, செயின், 28 பல் வரை உள்ள பிறீவீல். வேறெதுவும் வேண்டாம். "கரியர்?" என்று கேட்டார். "அது நிற்கட்டும், தம்பி" என்றேன். ஏனென்று அவர் கேட்கவில்லை.

பழைய றிம்களைக் கையில் தந்தபோது மனம் கனத்தது உண்மை. அம்மாவைச் சுமந்து உருண்டவை அவை. அவற்றை மாற்றினால் அந்த இரவையே கைவிட்டதாகிவிடும் என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். ஆனால் கரியர் பூட்டியபோதும் டைனமோ பூட்டியபோதும் நான் அப்படி எண்ணவில்லை. அன்றைய தேவைக்காக வண்டியை மாற்றினோம். அதனாலேயே அது எங்களைக் காத்தது. இன்றைய தேவை, மழையில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பது.

மார்கழியில் அடைமழை பெய்த காலையொன்றில் அதே சந்திக்குப் போய், ஆளில்லாத நேரம் பார்த்துப் பிறேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது. எவராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னுமொரு தடவை ஓடிப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் நின்றது.