போதகர் பயிலும் மொழி

மைசூரில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்து இளைஞன் ஒருவன் போதக ஊழியத்திற்குச் செல்ல விரும்பினால், அவன் முன்னே மூன்று வழிகள் உள்ளன. பெங்களூருக்குச் சென்றால் ஆங்கிலத்திலும், மங்களூருக்குச் சென்றால் கன்னடத்திலும், மதுரைக்குச் சென்றால் தமிழிலும் இறையியல் பயிலலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்பொழுது இதுவே பேச்சாக இருக்கிறது. என்னிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள்.

பெங்களூரின் ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-இல் தொடங்கப்பட்டது. 1954-இல் அதன் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்ற ரசல் சந்திரன் நம் தமிழரே. உலகத் திருச்சபையோடு பேசவல்ல அறிஞரை ஆக்குவதில் அதற்குள்ள பெயரை யாரும் மறுக்கமாட்டார்கள். மங்களூரில் பாசல் மிஷனார் 1847-இல் ஏற்படுத்திய குருமடத்தோடு துமகூருக் குருமடமும் 1965-இல் இணைந்து கர்நாடக இறையியல் கல்லூரி ஆயிற்று. மதுரை அரசரடியில் உள்ளதோ 1969-இல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி. நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றிய தியாப்பிலஸ் அப்பாவு, அதாவது நம்மவர் அறிந்த 'பரட்டை', அங்கேதான் ஆசிரியராக இருந்தார். மூன்றிலும் பயில்வோர் பெறும் பட்டம் செராம்பூரின் பட்டமே. ஆகையால் பட்டத்தின் மதிப்பைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. மொழியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

மதுரையே சிறந்தது என்று நான் சொல்வேன் என அவ்வீட்டார் எதிர்பார்த்தார்கள். அதற்கு நியாயமும் உண்டு. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, சிறுவர்களோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுத்துப் பழகியவர். உள்ளூர் ஊழியரைப் பயிற்றுவிக்க அவர் 1716-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1733-இல் அங்கே குருப்பட்டம் பெற்ற ஆரோன், சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியப் போதகர். நம் நாட்டில் அச்சபையின் போதகப் பயிற்சி தமிழ் மண்ணில்தான் வேர்விட்டது. (இதை மைசூரில் யாரிடமாவது சொன்னால் வியப்போடு கேட்கிறார்கள்; நம் பிள்ளைகளும் அப்படியே.)

ஆயினும் என் மனத்தில் நின்றது வேறொரு காட்சி. என் பெரியம்மா நாற்பது ஆண்டுகள் தேவராஜ மார்க்கெட்டில் கன்னடத்திலேயே பேரம் பேசியவர்கள். கடைசி நோயில் அவர்களுக்கு அந்தக் கன்னடம் முழுதும் மறந்து போயிற்று. ஜெபிக்க வந்த இளம் போதகர் நல்லவர், தமிழ் அறியாதவர். கட்டிலருகே முழந்தாளிட்டு, கர்த்தருடைய ஜெபத்தைக் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். ஓசையைக் கொண்டே அது இன்னதென்று உணர்ந்த பெரியம்மா, தமிழில் முணுமுணுத்துத் தொடர்ந்தார்கள். ஜெபம் முடிந்தது. அதன்பின் அவர்கள் எதையோ அவரிடம் கேட்டார்கள். அவருக்குப் புரியவில்லை. என்னை நோக்கினார், நான் மொழிபெயர்த்தேன். மரணத் தறுவாயில் ஒருவர் தம் குருவிடம் கேட்பதை மூன்றாம் மனிதன் இடையில் நின்று மொழிபெயர்ப்பது எவ்வளவு கூச்சமான காரியம்!

அதே வீட்டில் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பிரசங்கம் பாதிகூட விளங்காது. தமிழ் மட்டும் பயின்ற போதகர் பாட்டியின் கட்டிலருகே நிற்பார், பேரனிடம் ஊமையாவார்.

ஆகவே நான் மங்களூரைச் சொன்னேன். அவன் இம்மண்ணில் ஊழியம் செய்யப் போகிறவன். கன்னடத்தில் சிந்திக்கவும் பிரசங்கிக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலமோ நூல்கள் வாயிலாக எப்படியும் வந்து சேரும். தமிழ்? அதைக் கல்லூரி தரும் என்று காத்திருப்பது நியாயமன்று. அவன் வீட்டில் தமிழ் பேசுகிறான், ஆனால் வேதாகமத்தில் ஒரு வசனத்தையும் எழுத்துக்கூட்டாமல் படிக்க அறியான். கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் கற்பிக்கக் கல்லூரியில் ஆசிரியர் உண்டு. அவன் பாட்டியின் மொழியைக் கற்பிக்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

அவன் தந்தையார் சிறிது வருந்தினார், பிறகு ஒப்புக்கொண்டார். கல்லூரி திறக்குமுன் அவன் நாள்தோறும் மாலையில் என் வீட்டுக்கு வருவதென்று ஏற்பாடு. சங்கீதப் புத்தகத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். இத்தகைய மாணாக்கர் வேறு வீடுகளிலும் இருந்தால், விடுமுறை நாட்களில் நம் சங்கக் கூடத்திலேயே ஒரு வகுப்பு நடத்தலாம். கற்பிக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன். கரும்பலகை ஒன்று மட்டும் வேண்டும்.